மொழியியலை எங்கிருந்து தொடங்குவது: நன்னூலா, பாடநூலா, இணைய வகுப்பா, பல்கலைக்கழகமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துக் கல்லூரிகளில் தமிழோ ஆங்கிலமோ படிக்கும் மாணவர்களிலும், பள்ளிகளில் மொழிப்பாடம் நடத்தும் ஆசிரியர்களிலும் மொழியியலின் அடிப்படைகளை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் உண்டு. பேச்சொலியில் தொடங்கிச் சொல்லமைப்பு, தொடரமைப்பு, பொருள் என்று படிப்படியாகப் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் எதைக் கையில் எடுப்பது என்பதில்தான் தயங்கி நிற்கிறார்கள். நன்னூலையும் தொல்காப்பியத்தையும் உரையோடு பாடம் கேட்பது, ஆங்கிலத்தில் உள்ள அறிமுகப் பாடநூல் ஒன்றைத் தாமே படிப்பது, இணைய வகுப்பில் சேர்வது, பல்கலைக்கழகத்தில் முதுகலை படிப்பது என்று நான்கு வழிகள் அவர்கள் முன் இருக்கின்றன. செலவு, காலம், சான்றிதழ் ஆகியவற்றை வைத்தே பெரும்பாலும் இவற்றை ஒப்பிடுகிறார்கள். நான் அவற்றைப் பின்னுக்குத் தள்ளி வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன்: நம்மைச் சுற்றி அன்றாடம் பேசப்படும் தமிழை ஆய்வுக்குரிய சான்றாகக் கேட்பதற்கு எந்த வழி பழக்குகிறதோ, அந்த வழியில்தான் தொடங்க வேண்டும்.

மரபிலக்கண வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காவிரிப் படுகையில் அதற்கு இருக்கும் வேர் மிக ஆழமானது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர், நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையைத் திருத்திச் செப்பம் செய்தவர். திருவாரூர் வைத்தியநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டில் இலக்கண விளக்கத்தை எழுதினார். அதை மறுத்துச் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று ஒரு நூலையே எழுதினார். உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, பின்னர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். இலக்கணத்தைப் பற்றி வாதாடுவது இந்த மண்ணில் வெகுகாலமாக நடந்துவரும் காரியம். இன்றும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் முறையாகப் பாடம் கேட்க முடிந்தால் அதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது என்று நினைக்கிறேன். நூற்பாவை எப்படிப் பிரித்துப் பொருள்கொள்வது, உரையாசிரியர் எங்கே மாறுபடுகிறார், ஏன் மாறுபடுகிறார் என்று பார்க்கும் பழக்கம் தனியாகப் படித்து எளிதில் வருவதில்லை.

ஒலியைப் பற்றி அந்த மரபு தருவது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ழகரம் ஒன்றே போதும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், நாவின் நுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடுவதால் ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்று இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறது. லகரத்தையும் ளகரத்தையும் நாவிளிம்பு தடித்து மேலே பொருந்தும் வேறொரு நிலையில் வைக்கிறது. இன்றைய ஒலியியலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: லகரமும் ளகரமும் காற்று நாவின் ஓரங்கள் வழியாக வெளியேறும் மருங்கொலிகள், ழகரம் அப்படிப்பட்டதன்று. நம் பக்கத்துப் பேச்சில் பலர் ‘வாளப்பளம்’ என்று சொல்லும்போது நிகழ்வது, மருங்கொலி அல்லாத ஒன்று மருங்கொலியாக மாறுவது. ‘நாக்கு சரியாகத் திரும்பவில்லை’ என்று சொல்லி விட்டுவிடாமல், நாவின் எந்தப் பகுதி என்ன செய்கிறது, காற்று எந்த வழியாகப் போகிறது என்று சொல்ல முடிவதே ஒலியியலின் முதல் பயன். அதற்கான சொற்கள் நம் இலக்கணத்திலேயே இருக்கின்றன என்பது இங்குள்ள மாணவருக்குப் பெரிய பலம்.

ஆனால் இதே வழியில் மட்டும் நடப்பவருக்கு ஓர் இடத்தில் சுவர் எழும்புகிறது. ‘கடல்’, ‘பகல்’, ‘சங்கு’ ஆகிய மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் ககரம் மூன்று விதமாக ஒலிப்பது தெரியும். முதற்சொல்லில் குரல்வளை அதிராமல் வெடிக்கிறது. இரண்டாவதில் அடைப்பு முழுமையாக இல்லாமல் உரசிக்கொண்டு நழுவுகிறது. மூன்றாவதில் மெல்லினத்தை அடுத்துக் குரல்வளை அதிர்வோடு வருகிறது. எழுத்து ஒன்று, ஒலி மூன்று. எந்த ஒலி எங்கே வரும் என்பது இடத்தைப் பொறுத்து உறுதியாகிவிடுவதால் தமிழருக்கு அவை மூன்றும் ஒன்றாகவே படுகின்றன. இப்படி ஒன்றாகப்படும் ஒலியை மொழியியலார் ஒலியன் என்றும், இடத்துக்கேற்ப அது மாறி ஒலிக்கும் வடிவங்களை மாற்றொலிகள் என்றும் சொல்கிறார்கள். பிறப்பியலில் இதற்கென்று தனி விதி கிடையாது. எழுத்தை வைத்தே பாடம் நடக்கும் வகுப்பில் இந்த வேறுபாடு காதில் விழுந்தாலும் கவனத்துக்கு வருவதில்லை.

தஞ்சாவூர்க்காரருக்கு இதைவிட நல்ல சான்று ஒன்று உண்டு. பரதநாட்டிய ஆசிரியர் ‘பாவம் போதவில்லை’ என்று சொல்லும்போது வரும் பகரத்தையும், அடிபட்டுக் கிடக்கும் ஆட்டுக்குட்டியைப் பார்த்து ‘பாவம்’ என்று சொல்லும்போது வரும் பகரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத்தில் இரண்டும் ஒன்று. நாவில், முதலாவது குரல்வளை அதிர்வோடு தொடங்குகிறது, இரண்டாவது அதிர்வின்றித் தொடங்குகிறது, பொருளும் வேறு. கடன்சொற்கள் வந்து சேர்ந்ததால் ‘பஸ்’, ‘பல்’ என்பவற்றிலும் இதே நிலை. அப்படியானால் பேச்சுத்தமிழில் இவை இரண்டும் இன்னும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள்தாமா, அல்லது தனித்தனி ஒலியன்களாகிவிட்டனவா என்ற கேள்வி எழுகிறது. இது வகுப்பறையில் விடைசொல்லி முடித்துவிடும் கேள்வி அன்று. அறிஞர்களும் கருத்து வேறுபடும் கேள்வி. இப்படிப்பட்ட கேள்வி ஒன்றைத் தொடக்க நிலை மாணவர் தம் ஊர்ப் பேச்சிலிருந்தே எழுப்ப முடியும் என்பதால்தான் அளவுகோலாக இதை வைக்கிறேன்.

மரபு வழியில் பேச்சுத்தமிழைக் ‘கொச்சை’ என்று ஒதுக்கும் மனப்பான்மை சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அது இலக்கண நூல்களின் குற்றமாகாது. பாடம் நடத்தும் முறையின் குறை. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தத்தம் இடத்தில் பயன்படும் நிலையை மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை இரட்டை வழக்கு என்று விவரித்தது. அவர் எடுத்துக்கொண்ட நான்கு மொழிச் சூழல்களில் தமிழ் இல்லை என்றாலும், அந்த விவரிப்புக்குத் தமிழ் நன்றாகவே பொருந்துகிறது. ‘வந்துவிட்டது’ என்று எழுதி ‘வந்துடுச்சு’ என்று பேசும் ஒருவர் இரண்டு ஒழுங்குகளைத் தெரிந்துவைத்திருக்கிறார். இரண்டாவதற்கும் விதிகள் உண்டு, அவற்றைக் கண்டுபிடிக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளாத இடத்தில் மொழியியல் தொடங்குவதே இல்லை.

இனி ஆங்கிலப் பாடநூல். இதன் பலம், பொருளை ஒழுங்காக அடுக்கிவைத்திருப்பது: ஒலியியல், ஒலியனியல், உருபனியல், தொடரியல், பொருண்மையியல் என்று ஒவ்வோர் இயலும் முந்தையதன் மேல் கட்டப்பட்டிருக்கும்; இயலின் கடைசியில் பயிற்சிகள் இருக்கும்; பார்த்தறியாத மொழிகளின் சொற்பட்டியலைக் கொடுத்து ‘இதில் உள்ள ஒழுங்கைக் கண்டுபிடி’ என்று கேட்பார்கள். அந்தப் பயிற்சிதான் இந்தத் துறையின் உயிர். எந்த மொழியின் ஒலியையும் எழுதிக்காட்ட உதவும் அனைத்துலக ஒலியெழுத்து முறையையும் இந்த வழியில்தான் சரியாகக் கற்க முடிகிறது. 1888இல் முதல் வடிவம் வெளியான அந்த முறை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை ஒரே வீச்சில் கண்முன் கொண்டுவந்துவிடும்.

பலவீனம் எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது. மாற்றொலிக்கு அவர்கள் வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு, ‘பின்’ என்ற ஆங்கிலச் சொல்லில் பகரத்தோடு மூச்சுக்காற்று வெளிவருவதும் ‘ஸ்பின்’ என்ற சொல்லில் அது வராததும். நம் ஊரில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இரண்டையும் மூச்சின்றியே சொல்கிறோம். ஆகவே மாணவர் இல்லாத வேறுபாட்டைத் தம் வாயில் தேடிச் சலித்து, ‘புரியவில்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார். புரியாமல் போனதற்குக் காரணம் அவருடைய அறிவு அன்று. எடுத்துக்காட்டு அவருடைய மொழிக்கு உரியதன்று, அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் ‘காசு’, ‘பசு’ என்ற இரண்டையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கச் சொன்னால், ‘காசு’ என்று முடிக்கும்போது உதடு குவியாமலும் ‘பசு’ என்று முடிக்கும்போது குவிந்தும் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். குற்றியலுகரம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது அப்போதுதான் உதட்டில் வந்து நிற்கும். தொல்காப்பியர் அதைச் சார்ந்து வரும் எழுத்துகளுள் ஒன்றாக வைத்ததையும், மாற்றொலி என்ற இக்காலக் கருத்தையும் அருகருகே வைத்து யோசிக்கலாம். இரண்டும் ஒன்றேதான் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடக் கூடாது.

சொல்லமைப்பில் ஒப்பீடு சுலபம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று நன்னூல் தரும் ஆறு பகுபத உறுப்புகளைப் பழகிய மாணவர், உருபனியல் இயலை மிக விரைவாகக் கடந்துவிடுவார். இங்கே நன்னூலே முன்னால் நிற்கிறது. பேச்சு வடிவங்களையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கும் துணிவு மட்டும் கூடுதலாக வேண்டும்.

தொடரமைப்பில் நிலைமை மாறுகிறது, இங்குதான் தெளிவாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ‘முருகன் நேற்று வந்த ஆளிடம் நெல்லை விற்றான்’ என்ற தொடரைப் பாருங்கள். ஆள் வந்தது நேற்றா, நெல் விற்றது நேற்றா? சொற்களும் அவற்றின் வரிசையும் ஒன்றே, பொருள் இரண்டு. ‘நேற்று’ என்பது ‘வந்த’ என்ற எச்சத்தோடு முதலில் சேர்ந்து ஒரு கட்டாகிறதா, அல்லது வெளியே நின்று ‘விற்றான்’ என்ற முற்றோடு சேர்கிறதா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தொடர் என்பது மணி கோத்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாக வரும் சொல்வரிசை மட்டுமன்று, உள்ளே அடுக்கடுக்கான கட்டுகள் இருக்கின்றன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது. அந்தக் கட்டுகளைக் கிளைப்படமாக வரைந்து ஆராயும் முறை 20ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. நோம் சாம்ஸ்கியின் முதல் நூல் 1957இல் வெளிவந்த பிறகு அது துறையின் மையத்துக்கே வந்துவிட்டது. மரபிலக்கணத்திலும் இந்த நோக்கின் சாயல் உண்டு. ‘புலி கொல் யானை’ என்பது புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்ற கேள்வியைத் தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலுக்கான உரைகள் தடுமாறு தொழிற்பெயர் என்ற தலைப்பில் எடுத்துப் பேசுகின்றன. ஆயினும் அங்கே அது வேற்றுமை உருபின் சிக்கலாகப் பார்க்கப்படுகிறது; எல்லாத் தொடர்களுக்கும் பொதுவான கட்டமைப்புக் கொள்கையாக விரிக்கப்படவில்லை.

இன்னொரு சான்று: ‘எனக்குப் பசிக்கிறது’. பள்ளியில் எழுவாய் எங்கே என்று கேட்டால் மாணவர் விழிப்பார். எழுவாய் என்பது உருபேற்காத பெயர் என்ற வரையறையில் நின்றால் இத்தொடரில் எழுவாயே கிடையாது. ஆனால் ‘முருகன் மாலாவிடம் தன் வீட்டைக் காட்டினான்’ என்பதில் ‘தன்’ முருகனைத்தான் குறிக்கும், மாலாவைக் குறிக்காது. எழுவாயாக நிற்பவரைச் சுட்டுவது ‘தன்’ என்ற சொல்லின் இயல்பு. இப்போது ‘முருகனுக்குத் தன் வீடுதான் பிடிக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘தன்’ இங்கும் முருகனையே சுட்டுகிறது. அதாவது, ‘கு’ உருபை ஏற்று நிற்கும் பெயரும் சில வகைகளில் எழுவாயைப் போலவே நடந்துகொள்கிறது. இப்படி ஒரு சோதனையை அமைத்து, அதன் விளைவைக் கொண்டு வாதிடும் முறையைத் தொடரியல் பாடநூல் கற்றுத்தருகிறது. மரபு வழியில் அதைப் பெறுவது கடினம். ஆகவே தொடரியலுக்கு இக்காலப் பாடநூலையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. வினையை நடுவில் வைக்கும் ஆங்கிலத் தொடர்களில் வரைந்த கிளைப்படங்களைத் தமிழில் வரையும்போது வினை வலக்கோடியில் வந்து நிற்கும். மாணவர் ஒவ்வொரு பயிற்சியையும் தமிழ்த் தொடர் ஒன்றைக்கொண்டு மீண்டும் வரைந்துபார்க்காவிட்டால் பாடம் ஏட்டோடு நின்றுவிடும்.

பொருளைப் பற்றிய பகுதியில் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று நன்றாகவே தாங்கிப்பிடிக்கின்றன. ஆனி மாதத்தில் வாய்க்கால் கரையில் நடக்கும் பேச்சு இது. ஒருவர், “நாத்து விட்டாச்சா?” என்று கேட்கிறார். மற்றவர், “மேட்டூர் இன்னும் திறக்கலையே” என்கிறார். கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை வரவில்லை; ஆயினும் நாற்று விடவில்லை என்பது கேட்டவருக்கு விளங்கிவிடுகிறது. எப்படி? முதலாவதாக, ‘மேட்டூர்’ என்ற ஊர்ப்பெயர் அணையைக் குறிக்கிறது. இரண்டாவதாக, குறுவைக்காக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம், அந்தத் தண்ணீர் கல்லணை வழியாகப் பிரிந்து வந்தால்தான் வாய்க்காலில் ஓடும் என்பது இருவருக்கும் தெரியும். மூன்றாவதாக, பதில் சொன்னவர் சம்பந்தமில்லாமல் பேச மாட்டார் என்று கேட்டவர் நம்புகிறார். பதில் சொன்னவரிடம் பம்புசெட் இருக்கிறது என்று கேட்டவருக்குத் தெரிந்திருந்தால் இதே பதில் அவருக்குப் போதாது, “அதான் போர் இருக்கே?” என்று அடுத்த கேள்வி வரும். பேச்சில் சொல்லாமல் உணர்த்துவது இத்தகைய பொது எதிர்பார்ப்புகளைச் சார்ந்தே நடக்கிறது என்பதை மெய்யியலாளர் பால் கிரைஸ் 1975இல் வெளியான கட்டுரையில் முறைப்படுத்தினார். சொல்லின் பொருள் வெளிப்படையாகத் தெரிவதும் குறிப்பால் தோன்றுவதும் என இருவகைப்படும் என்று தொல்காப்பியத்தின் பெயரியல் கூறுவதை இதனோடு சேர்த்துப் படித்தால், நம் மரபு இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தது என்பது தெரியும். அந்தக் குறிப்பு எந்தப் படிகளில் பிறக்கிறது என்ற விளக்கத்தைக் கிரைஸ் தருகிறார்.

‘எல்லாரும் வரவில்லை’ என்ற தொடர் ஒருவரும் வராததையும் குறிக்கலாம், சிலர் மட்டும் வந்ததையும் குறிக்கலாம் என்பது போன்ற அளவை சார்ந்த சிக்கல்களுக்குப் பாடநூலைத்தான் நாட வேண்டும்.

இணைய வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. என்பிடெல், ஸ்வயம் தளங்களில் மொழியியல் அறிமுகப் பாடங்கள் உண்டு. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திறந்த பாடத்திட்டத்திலும் அறிமுக வகுப்பின் பாடப்பொருள் கிடைக்கிறது. ஒலிகளைக் காதால் கேட்டுப் பழக வேண்டிய பாடத்துக்கு, அச்சு நூலைவிட ஒளிப்பதிவு ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் உட்கார்ந்து கேட்பது பயிற்சி ஆகிவிடாது. ஒப்படைப்புகளைத் தாமே எழுதுகிறவருக்கே இது பலன் தரும். தமிழில் படிக்க விரும்புவோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மொழி வரலாற்றுப் பாடங்களையும், அதன் நூலகத்தில் உரைகளோடு உள்ள இலக்கண நூல்களையும் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக வழி, இத்துறையையே வாழ்க்கையாகக் கொள்ள நினைப்பவருக்கு உரியது. டெல்டாவில் இருப்பவருக்கு இரண்டு இடங்கள் எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை இருக்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால், 1929இல் தொடங்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழி ஆய்வில் பெயர்பெற்ற மொழியியல் உயராய்வு மையம் இருக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, சீர்காழி மாணவர்கள் ரயிலிலேயே சிதம்பரம் போய்வரலாம். ஆசிரியர் முன் அமர்ந்து ஒலிகளைச் சொல்லித் திருத்திக்கொள்வதும், முன்பின் அறியாத மொழியைப் பேசும் ஒருவரிடம் கேட்டுக்கேட்டு அதன் அமைப்பை எழுதியெடுக்கும் களப்பணியும் இங்குதான் முறையாகக் கிடைக்கும். யுஜிசி நெட் தேர்வில் மொழியியல் தனிப்பாடமாக இருப்பதால் கல்லூரி ஆசிரியப் பணிக்கும் வழி உண்டு. அகராதிப் பணி, கணினித் தமிழ் ஆகியவற்றுக்கும் இந்தப் பட்டம் உதவும். ஆயினும் ஒலியன் என்றால் என்ன என்பதையே அறியாமல், வேறு பாடம் கிடைக்கவில்லை என்பதற்காக முதுகலையில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில மாதங்களாவது தாமே படித்துப் பார்த்து, ஒழுங்கைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் மனம் ஒன்றுகிறதா என்று தெரிந்துகொண்டு சேர்வதே நல்லது. எந்த ஆண்டில் எந்த வகுப்புக்குச் சேர்க்கை நடக்கிறது என்பதையும் துறைக்கே நேரில் சென்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் இலக்கியம் படித்தவர் ஆங்கிலப் பாடநூலின் ஒலியியல் இயலைத் தொடங்கி, அதனோடு பிறப்பியலையும் இளம்பூரணர் உரையையும் சேர்த்துப் படிக்கட்டும். சொல்லமைப்பில் நன்னூலை முன்னிறுத்தட்டும். தொடரியலுக்கு வரும்போது நூற்பாக்களைச் சிறிது காலம் மூடிவைத்துவிட்டுக் கிளைப்படங்களை வரைந்து பழகட்டும். ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு வரிசை ஏறக்குறைய இதேதான், ஆனால் அவர் நன்னூலின் எழுத்ததிகாரத்தை யாரிடமாவது பாடம் கேட்காமல் தாமே படித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நூற்பாவிலும் உரையிலும் உள்ள பழந்தமிழ் அவரை முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடும். பள்ளி ஆசிரியருக்கு இணைய வகுப்பே பொருந்தும், ஏனென்றால் அவருக்கு மாலை நேரம் மட்டுமே கிடைக்கிறது. மறுநாள் வகுப்பறையில் முப்பது நாற்பது பிள்ளைகளின் பேச்சு அவருக்குச் சான்றாகக் காத்திருக்கிறது என்பது மற்றவர்க்கு இல்லாத வசதி.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் பேச்சொலியை ஆராய்வதற்காக உருவாக்கிய ‘ப்ராட்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண மடிக்கணினியில் ஓடும். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, ‘பல்’, ‘பால்’, ‘கல்’, ‘கால்’ ஆகியவற்றை ஒவ்வொன்றும் சில முறை சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து, அந்த மென்பொருளில் திறந்து, உயிரொலியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து அளந்து பாருங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்லும் விகிதம் அவருடைய பேச்சில் எவ்வளவு நெருக்கமாக வருகிறது, வேகமாகப் பேசும்போது அது எப்படிச் சுருங்குகிறது என்று அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு பாடநூலின் உயிரொலி இயலைத் திறக்கலாம்.